மகன் ஒரே படத்தையே கீறுகிறான் – யாழ்ப்பாணத்தில் ஓவியச் சிகிச்சை எங்கே செய்கிறார்கள்?

கொக்குவில் அம்மா | திங்கள், இரவு 9.50

எல்லோருக்கும் வணக்கம். இந்தக் களத்தை மூன்று வருடமாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தரம்.

மகனுக்கு ஒன்பது வயது, தரம் 4. அவனுடைய அப்பா மாசியில் கட்டாருக்குப் போனார். எட்டு மாதமாகிறது. அதற்குப் பிறகு பிள்ளை கதைப்பது குறைந்துபோய்விட்டது. சாப்பிடுகிறான், பள்ளிக்கூடம் போகிறான், புலமைப்பரிசில் ரியூசனுக்கும் போகிறான். ஒன்றுக்கும் மறுப்புச் சொல்வதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. முந்தியெல்லாம் கோப்பையைக் கண்டதும் “மீன் இல்லையோ” என்று சண்டை பிடிக்கிறவன்.

பின்னேரம் வந்தவுடன் சித்திரக் கொப்பியை எடுத்து விறாந்தையில் குந்துவான். எப்போதும் அதே படம்தான். ஒரு அறை. ஒரு பக்கம் கதவு, மற்றப் பக்கம் சின்ன யன்னல், நடுவில் பெட்டி பெட்டியாக ஏதோ அடுக்கியிருக்கும். ஆட்கள் இல்லை. கலரும் இல்லை, பென்சில் மட்டும். ஒரு கொப்பி முடிந்து இரண்டாவதும் பாதி போய்விட்டது. நேற்று அவன் நித்திரையான பிறகு எண்ணிப் பார்த்தேன், 61 படம்.

போன கிழமை வகுப்பு ரீச்சர் என்னைக் கூப்பிட்டு, “ஆட்கள் இல்லாத வீடு கீறுகிற பிள்ளைக்கு வீட்டில் ஏதோ பிரச்சினை இருக்கும். பூட்டின பெட்டிகளைப் பாருங்கோ, மனசை அப்படிப் பூட்டி வைத்திருக்கிறான்” என்றார். அன்று பிடித்து எனக்கு நித்திரை இல்லை. பெற்றோர் வட்ஸ்அப் குழுமத்தில் ஓவியச் சிகிச்சை என்று ஒரு வீடியோ வந்தது. கலர் பாவிக்காத பிள்ளைக்கு மன அழுத்தமாம். மாமி வேறு, நூல் கட்ட வேணும் என்று நிற்கிறா.

யாழ்ப்பாணத்தில் இந்த ஓவியச் சிகிச்சை எங்கே செய்கிறார்கள்? சனிக்கிழமைகளில் நடக்கும் சித்திர வகுப்பும் இதுவும் ஒன்றா? அப்புறம், அவனிடம் படத்தைப் பற்றி நான் கேட்கலாமா, கூடாதா?

---

சைக்கிள் மணி | திங்கள், இரவு 10.15

61 படமோ! என்ர மகன் 61 சொல் எழுதமாட்டான்.

பகிடியை விடுங்கோ தங்கச்சி. நூலைக் கட்டுங்கோ, அதால் ஒன்றும் கெட்டுப்போகாது, மாமியும் சமாதானமாகிவிடுவா. அதோடு நிற்பாட்டாமல் இருந்தால் சரி.

---

செம்மண் | செவ்வாய், காலை 5.40

நான் 31 வருடம் சித்திரம் படிப்பித்து ஓய்வுபெற்றவன். சித்திர வகுப்பைப் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன்.

ஒரு வகுப்பில் “விரும்பின படத்தைக் கீறுங்கோ” என்று சொல்லிப் பாருங்கள். முக்கால்வாசிப் பிள்ளைகள் இரண்டு மலை, நடுவில் சூரியன், மலையடியில் இருந்து வளைந்து வரும் ஆறு, கரையில் ஒரு ஓட்டு வீடு என்று கீறித் தருவார்கள். யாழ்ப்பாணத்தில் மலை எங்கே இருக்கிறது? கீரிமலைக்குப் பெயரில்தான் மலை. ஆறென்று சொன்னால் வழுக்கையாறு, அதுவும் மாரிக்கு மட்டும். பிறந்ததில் இருந்து பனையும் வடலியும் கிடுகு வேலியும் பார்த்து வளர்ந்த பிள்ளை, காணாத மலையைக் கீறுகிறது. ஏனென்றால் போட்டியில் அதற்குத்தான் பரிசு. அப்படிப் பழக்கினவர்களில் நானும் ஒருத்தன்.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: சனிக்கிழமை வகுப்பு சிகிச்சை ஆகாது. அங்கே ஆசிரியரின் கண் தாளில் இருக்கும். விகிதம் சரியோ, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, வர்ணம் கோட்டுக்கு வெளியே போயிற்றோ. பிள்ளையின் முகத்தைப் பார்க்க நேரம் இராது.

ஒன்று சொல்கிறேன். ஒரு பெண்பிள்ளை கடலைக் கீறியிருந்தாள். கடல் தாளின் மேல் பக்கத்தில், வீட்டுக் கூரைகளுக்கும் மேலே நின்றது. நான் சிவப்புப் பேனையை எடுத்து, அடிவானக் கோடு எங்கே வரவேண்டும் என்று கீறிக் காட்டித் திருத்திக் கொடுத்தேன். அது 2005 தை மாதம், சுனாமி வந்ததற்கு அடுத்த மாதம், வடமராட்சிக் கரையோரப் பள்ளிக்கூடம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. “ஓம் சேர்” என்று சொல்லிவிட்டுக் கடலைக் கீழே இறக்கிக் கீறினாள்.

உங்கள் மகன் யாரும் சொல்லிக்கொடுக்காத ஒரு அறையை 61 தரம் கீறியிருக்கிறான். ஏதோ ஒன்றைச் சரிப்பண்ணப் பார்க்கிறான் என்றுதான் எனக்குப் படுகிறது. கொப்பியைப் பறிக்க வேண்டாம், கலர்ப் பெட்டியை நீட்டவும் வேண்டாம்.

---

மந்தைவெளி | செவ்வாய், காலை 8.02

சென்னையிலிருந்து வாசிக்கிறேன். “படம் கீறுகிறான்” என்றதும் பையன் பிளேடால் படங்களைக் கிழிக்கிறான் என்று நினைத்துப் பதறிவிட்டேன். நான்காவது வரியில்தான் விளங்கியது. எங்களூரில் வரைவோம், நகம்தான் கீறும். மன்னிக்கவும், தொடருங்கள்.

---

துளசி | செவ்வாய், இரவு 8.30

கொக்குவில் அம்மா, நான் உளவளத்துணை (கவுன்சிலிங்) துறையில் வேலை செய்கிறேன். ஓவியச் சிகிச்சையாளர் என்று என்னைச் சொல்லமாட்டேன். குறுகிய பயிற்சிகள் எடுத்திருக்கிறேன், பிள்ளைகளோடு படமும் களிமண்ணும் பாவிக்கிறேன், அவ்வளவுதான். இந்த வேறுபாட்டை முதலில் சொல்லிவிட வேண்டும். பிரித்தானியாவில் அந்தப் பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் போட முதுநிலைப் படிப்பும் சட்டப்படியான பதிவும் தேவை. இங்கே யாராவது இரண்டு நாள் பட்டறைச் சான்றிதழைக் காட்டி “ஓவியச் சிகிச்சை” என்று கட்டணம் கேட்டால், எங்கே படித்தீர்கள், எவ்வளவு காலம், உங்களுக்கு மேல் வழிகாட்ட யார் இருக்கிறார்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

அடுத்தது, ரீச்சர் சொன்னது. படத்தைப் பார்த்துப் பிள்ளையின் மனதைக் கண்டுபிடிக்கும் ஆசை பழையது. 1926ல் அமெரிக்காவில் ஃபுளோரன்ஸ் குடினஃப் என்பவர், ஒரு மனிதனைக் கீறச் சொல்லிப் பிள்ளையின் புத்தி வளர்ச்சியை அளக்கப் பார்த்தார். 1948ல் ஜோன் பக் என்பவர் வீடு, மரம், ஆள் மூன்றையும் கீறச் சொல்லிக் குணத்தை அறியும் முறை ஒன்றைக் கொண்டுவந்தார். ரீச்சருக்கு வந்து சேர்ந்தது அதன் பத்தாவது பிரதியாக இருக்கும். ஆட்கள் இல்லாவிட்டால் இன்ன பிரச்சினை, கறுப்பு என்றால் துக்கம், யன்னலில் கம்பி என்றால் பயம் என்று ஒற்றை அடையாளத்தை வைத்துச் சொல்லும் பலன்கள் ஆய்வுகளில் நின்றுபிடிக்கவில்லை. பிள்ளைக்கு ஆள் கீறத் தெரியாமலும் இருக்கலாம், விருப்பமில்லாமலும் இருக்கலாம்.

பிறகு எதற்குப் படம் என்றால், பிள்ளைக்குச் சொல் வருவதற்கு முந்தியே கை வந்துவிடுகிறது. அதைவிட முக்கியம், எதிரே குந்தியிருந்து கண்ணைப் பார்த்து “என்னடா பிரச்சினை” என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் “ஒண்டுமில்லை” என்றுதான் சொல்லும். இரண்டு பேரும் ஒரு தாளைப் பார்த்துக்கொண்டிருந்தால் கதை தானாக வரும். சிகிச்சையில் பாதி அப்படிப் பக்கத்தில் இருப்பதுதான்.

கேட்கலாமா என்று கேட்டீர்கள். கேட்கலாம். “ஏன் ஆட்கள் இல்லை”, “ஏன் கலர் இல்லை” என்று மட்டும் வேண்டாம். அது விசாரணை. “இதைப் பற்றிச் சொல்லன்” என்று ஒரு தரம் சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள், நாளைக்கும் பக்கத்தில் இருங்கள்.

ஒன்று கேட்க வேண்டும்: நித்திரை எப்படி? பாயில் சிறுநீர் போகிறதா? வயிற்றுக்குத்து, தலையிடி என்று சொல்கிறானா? விளையாடப் போகிறானா? படத்தைவிட இவைதான் எனக்குத் தேவை.

---

வலி வடக்கு | செவ்வாய், இரவு 11.20

நான் இதற்கு மாற்றுக் கருத்து. கோபத்தில் எழுதுகிறேன் என்று தெரியும், ஆனாலும் எழுதுகிறேன்.

2009ல் எனக்குப் பன்னிரண்டு வயது. போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாம். தறப்பாளுக்குக் கீழே எங்களை வரிசையாக இருத்தி, ஆளுக்கு ஒரு தாளும் நாலு கலர் பென்சிலும் தந்தார்கள். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். “உங்களுக்கு நடந்ததைக் கீறுங்கோ” என்றார்கள். நான் பங்கரை, ஷெல்லுக்குப் பயந்து ஒளிக்கும் பதுங்குகுழியைக் கீறினேன். பக்கத்தில் இருந்தவன் கீறத் தொடங்கினவன் நடுவில் எழும்பிப் போய்ச் சத்தி எடுத்தான். ஒன்றரை மணித்தியாலம் கழித்துப் படங்களைச் சேர்த்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு பிஸ்கட் பைக்கற்று தந்துவிட்டுப் போனார்கள். திரும்பி வரவே இல்லை.

இரண்டு வருடம் கழித்து ஒரு கந்தோர்ச் சுவரில் கலண்டரில் என்னுடைய பங்கரைக் கண்டேன். கீழே “12 வயதுச் சிறுவன்” என்று இருந்தது. என் பெயர் இல்லை. என்னைக் கேட்கவும் இல்லை.

அதனால் பிள்ளைகளுக்கு ஓவியச் சிகிச்சை என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் வருவது அந்த பிஸ்கட் மணம். இதனால் யாருக்காவது சுகம் வந்தது என்று ஆதாரம் இருக்கிறதா? கதை வேண்டாம், ஆதாரம்.

---

நிர்வாகி | புதன், காலை 7.15

இரண்டு பேர் தனிமடலில் மகனின் படங்களை இங்கே ஏற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். கொக்குவில் அம்மா, தயவுசெய்து ஏற்ற வேண்டாம். மேலே வலி வடக்கு எழுதியதை வாசித்த பிறகும் அப்படிக் கேட்பவர்களுக்கு நான் என்ன சொல்ல?

---

ஹரோ மாமி | புதன், மதியம் 1.05

பிள்ளை, நான் லண்டனில் இருந்து மண்டலா கலரிங் புத்தகங்கள் பத்து அனுப்பட்டுமா? இங்கே எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள், நானும் இரவில் செய்கிறேன், பிரஷர் குறைகிறது. 2016ல் அமெரிக்காவில் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் 39 பேரை 45 நிமிடம் படம், களிமண் என்று செய்ய வைத்துப் பார்த்தார்களாம். நாலில் மூன்று பேருக்கு உமிழ்நீரில் கோர்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹோர்மோன் குறைந்திருந்ததாம். படம் கீறப் பழகினவர்கள், பழகாதவர்கள் என்ற வித்தியாசமும் இல்லையாம்.

---

துளசி | புதன், இரவு 9.10

மாமி, நீங்கள் சொல்வது உண்மையான ஆய்வுதான். ஆனால் அந்த 39 பேரும் பெரியவர்கள், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் வைக்கவில்லை. முக்கால் மணித்தியாலம் தேத்தண்ணியோடு சும்மா இருந்திருந்தாலும் குறைந்திருக்குமோ என்று அதிலிருந்து சொல்ல முடியாது. உங்கள் பிரஷர் குறைந்தது நல்லது, புத்தகத்தை நீங்களே வைத்திருங்கள்.

வலி வடக்கு, உங்களுக்குத்தான் நீளமாக எழுத வேண்டும்.

ஆதாரம் கேட்டீர்கள். எங்கள் வடக்கிலேயே ஒன்று இருக்கிறது, 2012ல் வெளிவந்தது. போர் பாதித்த இடங்களின் பாடசாலைகளில் 399 பிள்ளைகள். ஒரு பாதிக்கு ஐந்து கிழமைக்குள் 15 அமர்வுகள், மற்றப் பாதி ஒப்பிட்டுப் பார்க்கக் காத்திருக்கும் குழு. படம் மட்டும் இல்லை, நாடகம், இசை, விளையாட்டு, அவற்றோடு பயத்தையும் எண்ணங்களையும் கையாளும் பயிற்சி. முடிவு என்ன தெரியுமா? ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் முக்கியமான அளவீடுகளில் வித்தியாசம் இல்லை. குழப்படி, சண்டை போன்ற நடத்தைச் சிக்கல்கள் குறைந்தன. ஆண்பிள்ளைகளுக்குச் சில விடயங்களில் பயன் இருந்தது. பெண்பிள்ளைகளில், ஒன்றும் செய்யாமல் காத்திருந்தவர்களுக்குக் காலத்தோடு தானாகக் குறைந்த போர் நினைவு அறிகுறிகள், அமர்வுக்கு வந்தவர்களுக்கு அந்த அளவுக்குக் குறையவில்லை. அதை வாசித்த அன்று நான் நடத்திக்கொண்டிருந்த குழுவை ஒரு கிழமை நிறுத்திவைத்தேன். எல்லோருக்கும் ஒரே மருந்தை வரிசையில் வைத்துக் கொடுக்க முடியாது என்பதை அதில்தான் படித்தேன்.

இன்னொன்று. ஜெனிஃபர் டிரேக், எலன் வின்னர் என்ற இரு உளவியலாளர்கள் 2013ல் வெளியிட்டது. 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளிடம், ஏமாற்றம் தந்த ஒரு சம்பவத்தை நினைக்கச் சொல்லிவிட்டு, சிலரை அதையே கீறச் சொன்னார்கள், சிலரை வேறு எதையாவது கீறச் சொன்னார்கள். வேறு எதையாவது கீறினவர்களுக்குத்தான் மனம் கூடத் தேறியது. நடந்ததைக் கீறச் சொல்லி உங்களை இருத்தினவர்கள், படம் என்ற பெயரில் நேர்மாறானதைச் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அது நாள் கணக்கில் கூடவே இருந்து, பிள்ளை தானாக வரும்போது மட்டும் திறக்க வேண்டிய கதவு. ஒன்றரை மணித்தியாலத்தில் திறந்து போட்டுவிட்டு பிஸ்கட் கொடுக்கிற வேலை இல்லை.

இதற்கு மாறாகச் செய்தவர்களும் இருந்தார்கள். மட்டக்களப்பில் 1996ல் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடாக்காரக் கலைஞர் போல் ஹோகனும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே பஸ்ஸில் வருவார்கள். களிமண், கதை, வேடம், மரங்கள், மிருகங்கள். மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப அதே பிள்ளைகள். நடந்ததைச் சொல் என்று யாரும் நெருக்கவில்லை.

உங்கள் பெயர் இல்லாத கலண்டரைப் பற்றி எழுதியதும் எனக்கு ஃபிரீடல் டிக்கர்-பிராண்டைஸ் நினைவுக்கு வந்தார். ஓவியர். நாசிகள் யூதர்களை அடைத்து வைத்த டெரசீன் முகாமில் பிள்ளைகளுக்கு ஒளித்து ஒளித்துச் சித்திரம் படிப்பித்தவர். முகாமைக் கீறச் சொல்லி அவர் கேட்கவில்லை. பூ, வெளிச்சம், துணித்துண்டு, கடதாசி ஒட்டுதல் என்று முறையான சித்திரப் பாடம்தான். ஒவ்வொரு படத்திலும் பிள்ளை தன் சொந்தப் பெயரை எழுத வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தார். 1944ல் அவரை ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். போவதற்கு முந்தி அவர் இரண்டு சூட்கேசில் விட்டுப்போன படங்கள் கிட்டத்தட்ட 4,500. ஓவியச் சிகிச்சையை ஒரு துறையாக வளர்த்தவர்களில் ஒருவரான எடித் கிரேமர் இவருடைய மாணவி.

---

வலி வடக்கு | வியாழன், அதிகாலை 12.40

பெயர் எழுதச் சொன்னார் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். நன்றி அக்கா. முழுதாக மனம் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன்.

---

கிறுக்கல் | வியாழன், இரவு 10.55

உயர்தரம் படிக்கிறேன், பதினேழு வயது. எல்லோரும் சின்னப் பிள்ளைகளைப் பற்றியே கதைக்கிறீர்கள். எங்கள் கதையும் கொஞ்சம் கேளுங்கள்.

பதினாலு வயதில் நான் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் முகங்கள் கீறுவேன். கண் பெரிதாக, மூக்கு ஒரு புள்ளி, வாய் இல்லை. ஒரு ஆசிரியை அதைக் கண்டுவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார். “வாயில்லாத முகம், பிள்ளை எதையோ சொல்ல முடியாமல் இருக்கிறா” என்று. வீட்டில் அம்மா அழுகை, அப்பா போனைப் பறித்துவிட்டார், சின்னம்மா நல்லூரில் அர்ச்சனை. உண்மை என்னவென்றால் எனக்கு வாய் கீற வராது. அனிமே பார்த்துப் பழகினது, வாயில்தான் முகம் கெட்டுப்போகும், அதனால் விட்டுவிடுவேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் நான் ஒன்றுமே கீறவில்லை.

இதையும் சொல்ல வேண்டும். அந்த நேரம் எனக்கு உண்மையாகவே ஒரு பிரச்சினை இருந்தது. ரீச்சர் தற்செயலாகச் சரியாகத்தான் சொன்னார். ஆனால் எல்லோரும் சேர்ந்து கேட்ட விதத்தில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது போனில் கீறுகிறேன். பூட்டுப் போட்ட கோப்புக்குள். கவுன்சிலரிடம் போனால் படத்தை அம்மாவிடம் காட்டுவார்களா?

---

துளசி | வெள்ளி, காலை 6.20

கிறுக்கல், படம் உங்களுடையது. ஒழுங்காக வேலை செய்கிற யாரும் உங்களைக் கேட்காமல் யாருக்கும் காட்டக்கூடாது. முக்கியமான விதிவிலக்கு, உங்கள் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்று தெரிந்தால். அப்போதும் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் மற்றவரிடம் சொல்ல வேண்டும். முதல் நாளே இதை வாய்விட்டுக் கேளுங்கள். பதிலில் தடுமாறினால் வேறு ஆளைப் பாருங்கள். அந்தப் பழைய பிரச்சினை இன்னும் இருக்கிறது என்றால் 1926க்கு எடுக்கலாம், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். யாராவது உங்களைத் துன்புறுத்துகிறார்கள் என்றால் 1929, அது சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை.

---

கிறுக்கல் | வெள்ளி, காலை 6.31

ம். குறித்து வைத்திருக்கிறேன்.

---

கொக்குவில் அம்மா | ஞாயிறு, இரவு 9.15

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுதப் பிந்திவிட்டது.

துளசி அக்கா சொன்னபடி புதன்கிழமை பின்னேரம் சுளகில் முருங்கையிலையைப் போட்டுக்கொண்டு விறாந்தையில் அவனுக்குப் பக்கத்தில் குந்தினேன். ஒன்றும் கேட்கவில்லை. அவனும் ஒன்றும் சொல்லவில்லை. வியாழக்கிழமை பயற்றங்காய் முறித்தேன். அன்றைக்கும் ஒன்றுமில்லை. முறித்து முடித்து எழும்பேக்க, “இது எந்த இடம், சொல்லன்” என்று மட்டும் கேட்டேன். “இடம்தான்” என்றான்.

வெள்ளிக்கிழமை கட்டாரில் அவருக்கு லீவு, அன்றைக்குத்தான் வீடியோவில் கனநேரம் கதைப்பார். கதைத்து முடித்த கையோடு கொப்பியை எடுத்தான். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். தானாகச் சொன்னான்: “யன்னல்தான் சரியா வருதில்லை அம்மா. போனில ஒரு மூலைதான் தெரியுது.”

எனக்கு விளங்கவில்லை. “எந்த யன்னல்?” என்றேன்.

“அப்பான்ர றூம்.”

போன புதிதில் அவர் ஒரே ஒரு தரம் போனைத் திருப்பி அறையைக் காட்டினவர். ஆறு பேர் இருக்கிற அறை. மேலும் கீழுமாகக் கட்டில்கள். நானும் ரீச்சரும் பூட்டின பெட்டிகள் என்று நினைத்தது அந்தக் கட்டில்களை. சுவரோரம் மேல் கட்டிலில் ஒவ்வொரு படத்திலும் ஒரு சின்ன நீள்சதுரம் இருக்கிறது, இவ்வளவு நாளும் நான் கவனிக்கவே இல்லை. அது அப்பாவின் தலையணை. நாங்கள் இங்கேயிருந்து கட்டிக் கொடுத்துவிட்டது.

“அப்ப அப்பா எங்க?” என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.

என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். “அப்பாதானே போனைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். பிறகு எப்பிடி அவர் தெரிவார்?”

நல்லகாலம், கையில் வெங்காயம் இருந்தது.

இன்னொன்றை மறைத்துவிட்டேன், வெட்கத்தில். துளசி அக்கா கேட்டதற்கு இப்போது சொல்கிறேன். ஆனி மாதத்தில் இருந்து கிழமையில் மூன்று நாலு நாள் பாயில் சிறுநீர் போகிறான். நாலு வயதில் நின்றது. இரவில் எழும்பி வெளிக்கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவான்.

---

சைக்கிள் மணி | ஞாயிறு, இரவு 9.40

தங்கச்சி, நான் இதை வாசித்துவிட்டு, ரிவி பார்த்துக்கொண்டிருந்த மகனுக்குப் பக்கத்தில் போய்க் குந்தினேன். “என்னப்பா, காசு வேணுமோ?” என்று கேட்கிறான். எங்கட நிலைமை இப்படி.

---

துளசி | ஞாயிறு, இரவு 10.05

அறை எதுவென்று தெரிந்தது பெரிய விடயம். ஆனாலும் கிளினிக்குக்குப் போங்கள். நின்றுபோன சிறுநீர் திரும்பவும் தொடங்கி நாலு மாதம் என்றால் சிறுநீரில் கிருமியோ சீனியோ இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், எல்லாவற்றையும் மனதின் தலையில் போடக்கூடாது. அப்புறம் இரவில் கதவைப் பார்ப்பது. ஆம்பிளை இல்லாத வீட்டுக்குக் காவல் தான்தான் என்று பிள்ளை நினைத்திருக்கலாம். யாராவது “நீதான் இனி வீட்டுக்கு ஆம்பிளை” என்று சொன்னார்களா, யோசித்துப் பாருங்கள். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன, காசு இல்லை. படக் கொப்பியை அவன் விரும்பினால் மட்டும் கொண்டுபோகட்டும்.

---

கொக்குவில் அம்மா | ஞாயிறு, இரவு 10.20

சொன்னவர். விமான நிலையத்தில், அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு அவர்தான் சொன்னவர். “நீதான் இனி வீட்டுக்கு ஆம்பிளை, அம்மாவைப் பார்த்துக்கொள்” என்று. எல்லோரும் சிரித்தோம்.

---

செம்மண் | திங்கள், காலை 5.25

கீறப் பிடிக்காத பிள்ளைகளுக்கும் வழி இருக்கிறது என்பதையும் எழுதிவிடுகிறேன், பிறகு வாசிக்கிறவர்களுக்கு உதவும். என்னிடம் படித்த சில பெடியங்கள் பென்சிலைக் கண்டாலே ஓடுவார்கள், மேடையில் குரங்காக வேடம் போடச் சொன்னால் முதல் ஆளாக நிற்பார்கள். நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் அவர்கள் பள்ளிக்கூடங்களுக்குள் கொண்டுவந்த சிறுவர் நாடகம் இந்த மண்ணில் எத்தனை பிள்ளைகளின் வாயைத் திறந்தது என்பதை நேரில் கண்டவன் நான். அப்போது அதற்குச் சிகிச்சை என்று யாரும் பெயர் வைக்கவில்லை.

அம்மா, உங்கள் மகனுக்கு யன்னல் சரியாக வரவில்லை என்றானே. அதை யாரும் கீறிக் காட்டிவிட வேண்டாம். நான் உட்பட.

---

கொக்குவில் அம்மா | இரண்டு கிழமைக்குப் பிறகு, சனி, மதியம் 2.10

கிளினிக்குக்குப் போய் வந்தோம். சிறுநீர்ச் சோதனையில் ஒன்றுமில்லை. டொக்டர் படத்தைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. நித்திரை, சாப்பாடு, வீட்டில் யார் யார், எந்தப் பக்கம் படுக்கிறான் என்றுதான் கேட்டார். பக்கத்து அறையில் ஒரு மிஸ் களிமண் கொடுத்தார். மூன்று மேல்கீழ்க் கட்டில் செய்தான், ஒன்றின் கால் ஒடிந்து சாய்ந்தது, அதற்குச் சிரித்தான். நகத்துக்குள் மண்ணோடு வந்து ரோல்ஸ் கேட்டான். இரண்டு கிழமைக்கு ஒரு தரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். பாய் இன்னும் நனைகிறது, முந்தியைவிடக் குறைவு.

அவரிடமும் சொன்னேன். கனநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை போனைத் தூக்கிக்கொண்டு அறை முழுக்க நடந்து காட்டினார். யன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டிடச் சுவரும் ஒரு ஏசிப் பெட்டியும்தான். இவன் கொப்பியில் யன்னலுக்குள்ளே கீறி வைத்திருந்த மரத்தை அழிரப்பரால் அழித்துவிட்டு ஏசிப் பெட்டியைக் கீறினான். பிறகு அவர் மகனிடம் சொன்னார், வீட்டுக்கு ஆம்பிளை வேலை தன்னுடையதுதானாம், இப்போது அந்த வேலையில் லீவில் நிற்கிறாராம், இரவில் கதவைப் பார்க்கிற பொறுப்பை அம்மம்மாவிடம் கொடுத்துவிட்டாராம். அம்மம்மா இப்போது ஒன்பது மணிக்கு அவனுக்குக் கேட்கிற மாதிரி “பூட்டியாச்சு” என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் படுக்கிறா. மாமி நூலும் கட்டிவிட்டா.

இரண்டாவது கொப்பியும் முடிந்துவிட்டது. கோடு போடாத தாள் மலிவாக எங்கே எடுக்கலாம்? சித்திரக் கொப்பி விலைக்குக் கட்டாது.

---

செம்மண் | சனி, பின்னேரம் 4.30

கொப்பி வாங்க வேண்டாம். அச்சகங்களில் பெரிய தாளை வெட்டியபின் மிஞ்சுகிற ஓரத்தாள் இருக்கும், கிலோக் கணக்கில் தருவார்கள். ரவுணுக்குள் எனக்குப் பழக்கமான அச்சகம் ஒன்று இருக்கிறது. இரண்டு கிலோ எடுத்து வைக்கிறேன், தனிமடலில் விலாசம் போடுங்கள்.

---

கொக்குவில் அம்மா | சனி, பின்னேரம் 5.05

போட்டிருக்கிறேன் சேர். பெரிய தாளும் இருக்குமோ என்று கேட்கச் சொல்கிறான். அவர் அடுத்த மாதம் பத்துப் பேர் இருக்கிற அறைக்கு மாறுகிறாராம்.